வீட்டை விற்குமுன் அதன் குறையைப் பார்த்துவிடுங்கள்



வாப்பா மவுத்தான பின் பாகம் பிரிக்க, குமர் காரியத்துக்கு, வைத்தியச் செலவுக்கு என்று வீட்டை விற்க வேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு வருகிறது. விற்பது என்று முடிவானதும் நம்மவர்கள் முதலில் கூப்பிடுவது பெயிண்டரை, அடுத்து புரோக்கரை. இருவருக்கும் முன்னால் கூப்பிட வேண்டியவர் ஒரு சிவில் இன்ஜினியர்.

ஓதம் ஏறிய சுவரில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் சில மாதம் பளபளவென்று இருக்கும். ஐப்பசி மழையில் உப்புப் பூத்து உரியும். அப்போது அந்த வீட்டில் இருப்பவர் வேறொருவர். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரத்தை மறைத்து வைத்திருந்த வியாபாரியைக் கண்டித்த செய்தி முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வருகிறது. சுவரின் ஈரமும் அதே கணக்குத்தான். மறைந்திருந்த குறை பின்னர் தெரிந்தால் வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரலாம் என்பதை ஃபிக்ஹு நூல்கள் ‘கியாருல் ஐப்’ என்ற பெயரில் விளக்குகின்றன.

நாட்டின் சட்டமும் இதையே கேட்கிறது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவுப்படி, நமக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை நாம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்றே அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது.

இதில் நம் பணமும் இருக்கிறது. வாங்க வருபவர் ஒரு கொத்தனாரை அழைத்து வந்து, பூச்சில் விழுந்த மெல்லிய கீறலைக் காட்டி அஸ்திவாரமே போய்விட்டது என்பார். நமக்கு விவரம் தெரியாவிட்டால் விலையைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

எதைப் பார்ப்பது? முதலில் மொட்டை மாடி. தளம் தாங்கும் என்று இன்ஜினியர் சொன்னால், தண்ணீர் போகும் வழியை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீரை ஒரு நாள் தேக்கி வைத்துக் கீழே கசிகிறதா என்று பார்க்கலாம். பழைய மெட்ராஸ் ஒட்டு வீடுகளில் அவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

அடுத்தது கம்பி. கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதற்குப் பெரிய எதிரி. துருப்பிடித்த கம்பி பருத்து காங்கிரீட்டைப் பிளக்கும். தளத்தின் அடியில் கம்பி ஓடும் வாட்டத்திலேயே நீளமாகக் கோடு விழுந்திருந்தாலோ, தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வந்தாலோ, மேலே சிமெண்ட் பூசி ஒப்பேற்ற முடியாது.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும் கவனிக்க வேண்டியது. அதன் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டில் பதித்து வைப்பது பழைய முறை. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது. இதற்குச் சில மாதங்கள் ஆகும் என்பதால்தான் அவசரத்துக்கு முன்பே தொடங்கச் சொல்கிறோம். நிலை, சட்டங்களில் கரையான், எர்த், செப்டிக் டேங்க், போர்த் தண்ணீர் எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடக்கூடியவை.

இன்ஜினியர் புரோக்கர் அனுப்பியவராகவோ, ரிப்பேர் காண்ட்ராக்டை எதிர்பார்ப்பவராகவோ இருக்க வேண்டாம். போட்டோவுடன் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

அறிக்கையில் உள்ள எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டியதில்லை. ஒழுகும் குழாய், உடைந்த தட்டோடு போன்றவற்றை மாற்றலாம். பெரிய வேலையை அப்படியே விட்டு, சொல்லி, விலையில் கழிப்பதே பல சமயம் லாபம். வாங்குபவர் வீட்டை இடித்துக் கட்டப் போகிறவராகவும் இருக்கலாம்.

வாரிசுகள் பலர் இருந்தால் அறிக்கையின் நகல் எல்லோருக்கும் போக வேண்டும், வெளிநாட்டில் இருப்பவருக்கும் கட்டிக்கொடுத்த சகோதரிக்கும் சேர்த்து. ரிப்பேர் செலவு என்று சொல்லி பெண்மக்களின் பங்கில் பிடித்துக்கொள்வதால் வரும் மனத்தாங்கல் சாதாரணமானதல்ல. செலவு எவ்வளவு, யார் பொறுப்பு என்பதை வேலை தொடங்குமுன் எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்குபவர் அட்வான்ஸ் தரும்போது அறிக்கையைக் காட்டி, தெரிந்த குறைகளைக் கிரய ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். வில்லங்கச் சான்றிதழும் பட்டாவும் இருக்கும் கோப்பிலேயே அதன் நகலையும் வைத்திருங்கள்.