தாத்தா சொன்னால் கார் நிற்கும்

படிவம் மூன்று படிக்கும் அக்கா மகன், அர்டுவினோ பலகையை வைத்து ஒரு குட்டிக் கார் செய்திருந்தான். காருக்குக் காது கிடையாது. நம் பேச்சைக் கைப்பேசிதான் எழுத்தாக்கி, அந்தச் சொல்லுக்கு உரிய கட்டளையைப் புளூடூத் வழியே அனுப்பும்; மோட்டார் சுழலும்.

வானொலிக் குரலாயிற்றே! நான் "போ" என்றதும் ஓடியது. "நில்லு" என்றார் அப்பா. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு நாக்கு சற்றுக் குழறும். மூன்று முறை சொல்லியும் கேட்காமல், சுவரில் மோதித்தான் கார் நின்றது. அப்பா பேசாமல் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரையில் மூன்று முறையும் "நிலா" என்றே விழுந்திருந்தது. பையன் நிரலில் ஒரு வரி சேர்த்தான்: "நிலா" என்றாலும் நில்.

"தாத்தா, இப்ப சொல்லுங்க."

நின்றது. அன்றிரவு பேட்டரி தீரும்வரை எங்கள் யாருக்கும் அந்தக் கைப்பேசி கிடைக்கவில்லை.