ராஜாவிடம் 'வேண்டாம்' சொன்ன மந்திரி

எங்கள் ஐயப்பன்தாங்கலிலிருந்து ஸ்கூட்டரை எடுத்து மாங்காடு வழியாக ஒரு அழுத்து அழுத்தினால் குன்றத்தூர். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்தில் அங்கே நாகேஸ்வரர் கோயிலைப் பார்க்கணுமே! தோஷக்காரர்கள் பால் சொம்பும் கையுமாக நெருக்கியடிக்கிறார்கள். ராகுவுக்குக் கிடைக்கிற கவனிப்பில் காலே அரைக்கால் பங்காவது கோயிலைக் கட்டினவருக்குக் கிடைக்கணுமோ இல்லையோ?

கட்டினவர் சேக்கிழார். உள்ளூர்க்காரர். பெரிய புராணம் எழுதினவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் மனுஷர் பார்த்த உத்தியோகம் என்ன தெரியுமோ? சோழ நாட்டு மந்திரி! இரண்டாம் குலோத்துங்கனிடம் (ஆட்சி 1133-1150).

வேலை கிடைத்த கதையே ஜோர். உலகத்தைவிட, கடலைவிட, மலையைவிடப் பெரியது எது என்று ராஜா கேட்டாராம். காலத்தில் செய்த உதவி, பலன் பாராமல் செய்த உதவி, நிலை மாறாதவனின் அடக்கம் என்று மூன்றுக்கும் திருக்குறளிலிருந்தே பதில்! இன்றைக்கென்றால் குரூப் ஒன்னில் ஸ்டேட் ஃபர்ஸ்ட்.

அப்புறம்தான் வில்லங்கம். ராஜா சீவக சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தார். சமணக் காவியம். (தமிழ் என்னவோ தேன்தான். அது வேறு விஷயம்.) சைவரான மந்திரிக்குப் பொறுக்கவில்லை. 'வேண்டாம் ராஜா' என்றார்.

நான் குப்பை கொட்டிய ஒரு கம்பெனியில் மானேஜர் ஜோக்கடித்தால், முடிக்கும் முன்பே சிரிக்க வேண்டும். அதனால் இந்த 'வேண்டாம்' என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

ரோமாபுரியில் பிளினி என்று ஒரு செனட்டர். கி.பி. 100-ல் கான்சல், பிறகு பித்தினியா மாகாணத்துக்குக் கவர்னர். நிகோமீடியாவில் பெரிய தீ விபத்து. 150 பேரை வைத்துத் தீயணைப்புச் சங்கம் ஆரம்பிக்கலாமா என்று டிராஜன் சக்ரவர்த்திக்கு எழுதினார். 'சங்கம் வைத்தால் அரசியலில் இறங்கிவிடுவார்கள், கூடாது' என்று பதில் வந்தது. அதோடு சரி!

நம்மவர் அதோடு விடவில்லை. 'அப்ப எதைத்தான் படிக்கிறது?' என்று ராஜா கேட்க, சிவனடியார் கதைகளைச் சொன்னார். 'எழுதிக் கொடும்' என்றார் ராஜா. கிளம்பினார் சிதம்பரத்துக்கு. அறுபத்துமூவர் கதையும் தயார். ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றம் மட்டும் ஒரு வருஷம் நடந்ததாம்.

முடிந்ததும் நூலோடு ஆசிரியரையும் யானை மேல் ஏற்றி, ராஜாவே பின்னால் உட்கார்ந்து சாமரம் வீசினார் என்கிறது, உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் சேக்கிழார் புராணம். மேலதிகாரி விசிற, கீழதிகாரி யானை மேல்!

அதற்கப்புறம் மனுஷர் ஆபீஸ் பக்கமே போகவில்லை. சிதம்பரத்திலேயே தங்கிவிட்டார். மந்திரி வேலை தம்பி பாலறாவாயருக்குப் போயிற்று.