நீலத்திரை வந்தால் போர்மட் செய்ய முதல்…

கணினியில் ஏதோ செய்துகொண்டிருக்கிறீர்கள். திடீரென்று திரை முழுவதும் நீலமாகிறது. ஒரு சோக முகம், சில ஆங்கில வரிகள், ஏறிக்கொண்டே போகும் ஒரு வீத எண்ணிக்கை. பிறகு கணினி தானாகவே அணைந்து மீண்டும் தொடங்குகிறது. இரண்டு மூன்று தடவை இப்படி நடந்ததும் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறோம். அங்கே பெரும்பாலும் ஒரே மறுமொழிதான்: "விண்டோஸ் அடிக்க வேணும்."

விண்டோஸ் அடிப்பது என்றால் வன்தட்டை அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது. கடைக்காரருக்கு அது சுலபமான வேலை. காரணத்தைத் தேடி மினக்கெடத் தேவையில்லை. ஆனால் அந்த வன்தட்டில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

எங்கள் வீடுகளில் அதில் இருப்பது வெறும் பாட்டும் படமும் அல்ல. இடப்பெயர்வுகளில் அல்பங்கள் தொலைந்துபோன குடும்பங்களுக்கு, வெளிநாட்டிலுள்ள உறவினர் ஸ்கான் செய்து அனுப்பிய நாலைந்து புகைப்படங்கள்தான் மிச்சம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகப் பொலிஸிலும் செஞ்சிலுவைச் சங்கத்திலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், காணி உறுதியின் படம், மரணச் சான்றிதழ், பிறப்பத்தாட்சிப் பத்திரம் எல்லாம் ஒரே கணினியில், ஒரே கோப்புறையில் கிடக்கின்றன. ஆகவே நீலத்திரை வந்தால் முதல் வேலை கணினியைத் திருத்துவது அல்ல. கோப்புகளை வெளியே எடுப்பது.

நீலத்திரை என்பது விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வது. இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னலுக்குள் சமாளிக்க முடியாத பிழை ஒன்று நேர்ந்தால், தொடர்ந்து ஓடுவது ஆபத்து. பிழையான தரவை வன்தட்டில் எழுதி, இருப்பதையும் கெடுத்துவிடலாம். அதனால் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிட்டு, நடந்ததை ஒரு கோப்பில் பதிந்துவைத்து, மீண்டும் தொடங்குகிறது. சாதாரண மென்பொருள் ஒன்று பழுதானால் அது மட்டும்தான் மூடப்படும். அச்சுப்பொறி, வைஃபை, திரை போன்றவற்றை இயக்கும் டிரைவர்களில் பலவும் சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் கேர்னலுக்குள்ளேயே இயங்குகின்றன. அவற்றில் ஒன்று தவறினால் முழுக் கணினியும் விழும்.

2024 யூலை 19 ஆம் திகதி உலகம் இதைக் கண்ணால் கண்டது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. விமானங்கள் இரத்தாகின, மருத்துவமனைகள் தடுமாறின. அந்தக் கணினிகளின் வன்தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேஃப் மோடில் புகுந்து அந்த ஒரு கோப்பை அழித்ததும் எழும்பின. அவற்றையெல்லாம் போர்மட் செய்யப் புறப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும்!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2025 இல் மைக்ரோசொப்ட் விண்டோஸ் 11 இல் இந்தத் திரையின் நிறத்தைக் கறுப்பாக மாற்றி, சோக முகத்தையும் எடுத்துவிட்டது. நிறம் மாறினாலும் விடயம் அதேதான். ஆனால் திரையில் தொலைபேசி இலக்கம் ஒன்றைக் காட்டி "உடனே அழையுங்கள்" என்று சொன்னால், அது நீலத்திரையே அல்ல. இணையத்தில் வரும் மோசடிப் பக்கம். உண்மையான நீலத்திரை எந்த இலக்கத்தையும் தராது, பணமும் கேட்காது. கணினியை அணைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

உண்மையான திரை வந்தால் கைத்தொலைபேசியில் அதைப் படம் எடுங்கள். அடியில் ஸ்டொப் கோட் என்று ஒரு வரி இருக்கும், சில வேளைகளில் பழுதான கோப்பின் பெயரும் இருக்கும். திருத்துபவருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெறுமதியான தகவல் அதுதான். படம் எடுக்கத் தவறினாலும் பரவாயில்லை. விண்டோஸ் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ரிலையபிலிட்டி என்று தட்டச்சு செய்தால், கணினி எந்தெந்த நாளில் விழுந்தது, அதற்கு முதல் நாள் என்ன நிறுவப்பட்டது என்று நாட்காட்டி போலக் காட்டும். புதிய அச்சுப்பொறி பூட்டிய நாளிலிருந்துதான் தொல்லை என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. அதன் டிரைவரை நீக்கிப் பாருங்கள்.

கணினி உள்ளே போகவே விடாமல் திரும்பத் திரும்ப விழுகிறதா? தொடங்கும்போதே இரண்டு மூன்று தடவை பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தால், அடுத்த முறை திருத்தும் பகுதி தானாகத் திறக்கும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போய், ரீஸ்டார்ட் கொடுத்து, 4 ஐ அழுத்தினால் சேஃப் மோட். அத்தியாவசியமான டிரைவர்கள் மட்டும் ஓடும் நிலை அது. அங்கே கணினி விழாமல் நின்றால், பழுது பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவரில் அல்லது மென்பொருளில். ஆனால் அதை ஆராய்வதற்கு முன்னர் வெளி வன்தட்டு ஒன்றையோ பென் டிரைவையோ செருகி, முக்கியமான கோப்புறைகளைப் பிரதி எடுத்துவிடுங்கள்.

ஸ்டொப் கோடில் "கேர்னல் டேட்டா இன்பேஜ் எரர்" அல்லது "என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம்" என்று வந்தால் கூடுதல் கவனம் தேவை. வன்தட்டிலிருந்து வாசிப்பதிலோ அதன் கோப்பு அமைப்பிலோ சிக்கல் என்பதற்கான அடையாளம் அது. பலர் இந்த இடத்தில் செக்டிஸ்க் கட்டளையை ஓடவிடுகிறார்கள். நல்ல கட்டளைதான், ஆனால் வன்தட்டு முழுவதையும் மூலைமுடுக்கெல்லாம் வாசிக்கச் சொல்வது அது. செத்துக்கொண்டிருக்கும் வன்தட்டுக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம். முதலில் பிரதி, பிறகு செக்டிஸ்க். பழைய சுழலும் வன்தட்டிலிருந்து "டிக், டிக்" என்று சத்தம் கேட்டால் அதுவும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம்தான் கொடுக்கவேண்டும்.

விண்டோஸ் திறக்கவே மறுத்தாலும் வழி இருக்கிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவில் போட்டு, நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். அல்லது வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி கேஸ் ஒன்றில் பூட்டி, வேறு கணினியில் செருகலாம். இரண்டிலும் உங்கள் கோப்புகள் தெரியும், ஒரு நிபந்தனையோடு. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் மைக்ரோசொப்ட் கணக்கால் நுழைந்ததும் வன்தட்டு தானாகவே பிட்லொக்கரால் பூட்டப்பட்டுவிடுகிறது. திறக்க 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி வேண்டும். அது பொதுவாக அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வந்த மடிக்கணினி என்றால், யாருடைய கணக்கில் தொடங்கியது என்பதை இன்றே கேட்டு வையுங்கள். மச்சானின் பழைய மின்னஞ்சலில் உங்கள் சாவி இருக்கக்கூடும்.

கோப்புகள் வெளியே வந்தபின் பழுதைத் தேடலாம். எங்கள் பகுதிகளில் வெப்பம், புழுதி, மின்சாரம் மூன்றையும் முதலில் சந்தேகிப்பது நல்லது. காற்றாடியில் புழுதி அடைத்த கணினி சூடேறி நிற்கும். மின்வெட்டு நேரத்தில் வன்தட்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்துபோகும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போன காலத்தை யார் மறப்பார்? மேசைக் கணினி என்றால் மின் வழங்கியையும் பார்க்கவேண்டும். மலிவான மின் வழங்கி, மதர்போர்டில் வீங்கிய கப்பாசிட்டர் எல்லாம் காரணமில்லாமல் விழுவது போலத் தெரியும் கணினிகளின் உண்மையான காரணங்கள். இவற்றுக்கு விண்டோஸ் அடித்து ஒரு பயனும் இல்லை. இரண்டு கிழமையில் திரும்பவும் நீலத்திரை வரும், திரும்பவும் காசு கொடுப்பீர்கள்.

"மெமரி மனேஜ்மென்ட்" என்று வந்தால் ராமைச் சோதியுங்கள். விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக் உள்ளேயே இருக்கிறது, செலவில்லை. இரண்டு ராம் இருந்தால் ஒன்றைக் கழற்றி மற்றதோடு ஒரு நாள் ஓடவிட்டு, பிறகு மாற்றிப் பூட்டிப் பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ராமின் பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பப் பூட்டுவது நம்மூர்க் கடைகளின் பழைய கைவைத்தியம். அது பல தடவை பலிக்கத்தான் செய்கிறது.

கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், "என்னைக் கேட்காமல் போர்மட் செய்யவேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள். ராம், மின் வழங்கி போன்ற பழுது என்றால் வன்தட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் தன்னிடமுள்ள வன்தட்டு ஒன்றைப் பூட்டிச் சோதிப்பார். சாட்சியங்களும் உறவினரின் விபரங்களும் உள்ள வன்தட்டை முன்பின் தெரியாதவரின் மேசையில் நாட்கணக்கில் விடுவது புத்தியல்ல. அதைக் கேட்க வெட்கப்படவும் தேவையில்லை.

ஏற்கெனவே போர்மட் செய்துவிட்டார்களா? அந்த நிமிடத்திலிருந்து கணினியைப் பாவிக்காதீர்கள். பழைய சுழலும் வன்தட்டில் விரைவான போர்மட் என்றால், மேலே புதிதாக எழுதப்படாத பகுதிகளில் தரவு இன்னும் கிடக்கும். மீட்பு மென்பொருளால் ஓரளவு எடுக்கலாம். எஸ்எஸ்டி என்றால் நிலைமை வேறு. அழிக்கப்பட்ட பகுதிகளை அது தானே துடைத்துவிடுவதால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

விண்டோஸைத் திரும்ப நிறுவுவதுதான் ஒரே வழி என்றாலும், திருத்தும் பகுதியில் உள்ள ரீசெட் வசதியில் "கோப்புகளை வைத்திரு" என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கிறது. மென்பொருள்கள் போகும், உங்கள் சொந்தக் கோப்புகள் நிற்கும். அதையும் பிரதி எடுத்த பிறகே செய்யுங்கள். ஒரு பிரதி வீட்டிலுள்ள வெளி வன்தட்டில், இன்னொன்று இணையச் சேமிப்பிலோ வெளியூரிலுள்ள உறவினரிடமோ இருக்கட்டும். முறைப்பாட்டுக் கடிதங்களும் பழைய புகைப்படங்களும் சேர்ந்து பெரும்பாலும் ஒரு பென் டிரைவின் மூலைக்குக்கூட வராது.