ஒரு சொல் வெல்லும். ஒரு சொல் கொல்லும்!

கடல் கடந்த பெண்கள் எழுதிய கதைகளும், நம் பெண்கள் எழுதிய கதைகளும்

"பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுமா?"

இந்தப் பழமொழியை வேப்பூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேப்பூருக்குக் கிழக்கே இருப்பது விருத்தாசலம். பீங்கான் தொழிலுக்குப் பெயர் போன ஊர். களிமண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றுகிறார்கள். பொம்மை பிறக்கிறது. சூளைக்குப் போகும் முன் பொம்மையின் மூக்கு கோணினால், ஈர விரலால் திருத்திவிடலாம். சூளையில் வெந்த பிறகு? கோணியது கோணியதுதான்!

குழந்தையின் மனமும் அப்படித்தான். "பச்சை மண் போன்ற மனம்" என்று சொன்னால் அது உவமை. "குழந்தை மனம் பச்சை மண்" என்றே சொல்லிவிட்டால் அது உருவகம். இவை புலவர்களின் தனிச் சொத்து அல்ல. வேப்பூர்க் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களின் பேச்சிலும் உண்டு. ஆட்டுச் சந்தையில் விலை பேசுகிறவர்களின் வாயிலும் உண்டு. வாய் திறந்து நேராகச் சொல்ல முடியாததைப் பெண்கள் பல காலமாக இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்கள் பேனாவைப் பிடித்துக் கதை எழுதினால் என்ன ஆகும்? பூமியின் மறு பக்கத்திலும் நம் நாட்டிலும் பெண்கள் எழுதிய சில கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. ஊர் வேறு, மொழி வேறு. ஆனால் வீட்டுக்குள் விழும் ஒரு சொல்லுக்கு உள்ள சூடு ஒன்றே!

நம்மவர் போன தீவுகள்

மேற்கு இந்தியத் தீவுகள் என்றதும் பலருக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே, கரீபியன் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகள் அவை. ஆப்பிரிக்காவிலிருந்து மக்களைப் பிடித்து வந்து, அடிமைகளாக்கி, அங்கே கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றினார்கள்.

1853-ம் ஆண்டில் மார்ட்டினிக் தீவுக்கும், 1854-ம் ஆண்டில் குவாதலூப் தீவுக்கும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய தமிழர்கள் பலர் இந்த இரு தீவுகளுக்கும் போனார்கள். இன்றும் அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். விழா நாளில் அங்குள்ள பெண்கள் உடுத்தும் கட்டம் போட்ட துணிக்கு "மெட்ராஸ்" என்றே பெயர்!

அந்தக் கடலைச் சேர்ந்த மூன்று நாடுகளில் பிறந்த மூன்று பெண்கள் உலகப் புகழ் பெற்ற சிறுகதைகளை எழுதியிருக்கிறார்கள். ஆன்டிகுவாவில் பிறந்தவர் ஜமைக்கா கின்கெய்டு. (பெயரில்தான் ஜமைக்கா, அது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்.) ஜமைக்காவில் பிறந்தவர் ஆலிவ் சீனியர். ஹெய்ட்டியில் பிறந்தவர் எட்விஜ் டான்டிகா.

இரண்டு தாய்கள்

கின்கெய்டு எழுதிய "பெண்" என்ற கதை 1978-ம் ஆண்டில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. இரண்டு மூன்று பக்கக் கதைதான். முழுக் கதையும் ஒரே வாக்கியம்! ஒரு தாய் மகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே போகிறாள். வெள்ளைத் துணியை எந்தக் கிழமை துவைப்பது, உப்பு மீனை எப்போது ஊற வைப்பது, தகப்பனாரின் சட்டையை எப்படி இஸ்திரி போடுவது, முற்றத்தை எப்படிப் பெருக்குவது, தெருவில் எப்படி நடப்பது. நடுநடுவே ஒரு வசவும் விழுகிறது. நீ கெட்ட நடத்தைக்காரியாகத்தான் ஆகப் போகிறாய் என்று பெற்ற தாயே சொல்கிறாள்.

மகள் வாய் திறப்பது இரண்டே முறை. கடைசியில், ரொட்டிக் கடைக்காரர் ரொட்டியைத் தொட்டுப் பார்க்க விடாவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறாள். இவ்வளவு சொல்லியும், ரொட்டியைத் தொட விடாத மாதிரிப் பெண்ணாகவா ஆகப் போகிறாய் என்று தாய் திருப்பிக் கேட்பதோடு கதை முடிகிறது. "போல" என்று எதையும் விளக்கவில்லை. ஆனால் அந்த ரொட்டி வெறும் ரொட்டி அல்ல. ஊரில் ஒரு பெண்ணுக்கு உள்ள மதிப்பு!

இதன் பக்கத்தில் நம் அம்பையின் கதையை வைத்துப் பார்ப்போம். அம்பை 1944-ம் ஆண்டில் கோயம்புத்தூரில் பிறந்தவர். 2021-ம் ஆண்டுக்கான சாகித்திய அகாடமி விருது பெற்றவர். 1976-ம் ஆண்டில் வெளிவந்த அவருடைய "சிறகுகள் முறியும்" தொகுப்பில் "அம்மா ஒரு கொலை செய்தாள்" என்ற கதை இருக்கிறது.

தலைப்பைப் பார்த்தால் துப்பறியும் கதையோ என்று தோன்றும். கத்தியும் இல்லை, ரத்தப் பழியும் இல்லை. கறுத்த நிறமுள்ள ஒரு சிறுமி. அவளுக்கு அம்மாதான் தெய்வம். அம்மா வெளியூர் போயிருக்கும்போது சிறுமி பருவம் அடைகிறாள். பயந்து நடுங்குகிறாள். அம்மா வந்து அணைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். அம்மா போன இடத்திலோ, உறவுப் பெண்ணை நிறத்தைக் காட்டி மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மனச் சுமையோடு திரும்பி வந்த தாய், உனக்கு இதற்கு என்ன அவசரம் என்று சிடுசிடுக்கிறாள். அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. அதுதான் கொலை!

இரண்டு தாய்களும் கெட்டவர்கள் அல்ல. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம், பாசத்தின் வாயிலிருந்து வசவாக வெளியே வருகிறது. தீவுத் தாய்க்கு, மகள் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம். தமிழ்த் தாய்க்கு, மகள் கல்யாணம் நடக்குமோ என்ற பயம். இதுதான் வித்தியாசம்.

அப்பன் வாயில் ஒரு சொல்

ஆலிவ் சீனியரின் "கோடை மின்னல்" என்ற தொகுப்பு 1986-ம் ஆண்டில் வந்தது. மறு ஆண்டு காமன்வெல்த் எழுத்தாளர் பரிசு பெற்றது. அதில் லாரா என்ற சிறுமியின் கதை ஒன்று. தாய் ஏழை, தகப்பன் வசதியான குடும்பத்துப் பிள்ளை. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. லாராவைத் தகப்பனின் பெற்றோர் தங்கள் பெரிய வீட்டில் வைத்து வளர்க்கிறார்கள். மலை சூழ்ந்த இடத்தில் பிறந்த குழந்தைக்கு அங்குள்ள திறந்த வானத்தையும் மேகத்தையும் கண்டாலே பயம். ஒண்டிக்கொள்ள இடம் இல்லாத மனத்துக்கு அந்த வானமே உருவகம்!

வெளிநாட்டிலிருந்து தகப்பன் வருகிறான். ஆசையோடு காத்திருந்த குழந்தையின் காதில், அவளுடைய பிறப்பை இழிவாகச் சொல்லும் ஒரு சொல் அவன் வாயிலிருந்து விழுகிறது. லாரா என்ன செய்கிறாள்? தான் அனாதை என்று தனக்குத்தானே முடிவு செய்துகொள்கிறாள். அந்தச் சொல்லைச் சுமப்பதைவிட அது மேல் என்று அவளுக்குப் படுகிறது.

எழுந்து நின்ற சொல்

சொல் கொல்ல மட்டும்தான் செய்யுமா? இல்லை. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த பாமாவின் "கிசும்புக்காரன்" தொகுப்பைப் படித்தால் தெரியும். அது 1996-ம் ஆண்டில் வந்தது. அதில் ஒரு கதை, "அண்ணாச்சி". ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஓர் இளைஞன், மேல்சாதி முதலாளியை "அய்யா" என்று அழைக்காமல் "அண்ணாச்சி" என்று அழைத்துவிடுகிறான். அந்த ஒரு சொல் ஊரையே கலக்குகிறது. உறவுச் சொல் ஒன்று உரிமைச் சொல்லாக எழுந்து நிற்கிறது!

அதே பாமா "பொன்னுத்தாயி" என்ற பெண்ணின் கதையும் எழுதினார். அடித்து உதைக்கும் கணவனை விட்டு வெளியே வந்தவள் அவள். தாலியை விற்று, அந்தப் பணத்தில் ஒரு கடை போடுகிறாள். தாலி கடையாகிறது. அந்தச் செயலே உருவகம்தான். அதற்கு வேறு உவமை எதற்கு?

பின்னலும் 'ம்' கொட்டலும்

டான்டிகாவின் 1995-ம் ஆண்டுத் தொகுப்புக்குப் பெயர் "கிரிக்? கிராக்!" ஹெய்ட்டியில் கதை சொல்லும் பாட்டி "கிரிக்?" என்று கேட்பாள். "கிராக்!" என்று குழந்தைகள் சொன்னால்தான் கதை தொடங்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் 'ம்' கொட்டுவதைப் போலத்தான்!

1937-ம் ஆண்டில் பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசில் ஹெய்ட்டி மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமையில் ஆற்றைக் கடந்து தப்பிய தாயைத் தீச்சிறகு முளைத்தவளாகக் காட்டுகிறார் டான்டிகா. அதே புத்தகத்தின் முடிவில், எழுதுவதைத் தலை பின்னுவதற்கு ஒப்பிடுகிறார். அடங்காத முடியைச் சேர்த்துச் சேர்த்துப் பின்னுவது போல, அடங்காத நினைவுகளைச் சேர்த்துக் கதை பின்னுகிறாள் பெண்.

தூர தேசம் வேண்டாம், பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். விருத்தாசலத்தில் குடியிருந்து எழுதிய சு. தமிழ்ச்செல்வி, ஆடு மேய்ப்பவர்களின் வாழ்க்கையைக் "கீதாரி" என்ற நாவலாக்கினார். உப்பளத்தில் உழைக்கும் பெண்களின் வாழ்க்கையை "அளம்" என்ற நாவலாக்கினார். ஆடும் உப்பும் இலக்கியமாகும் என்றால், சூளையும் சந்தையும் ஆகாதா?

பெண்கள் எழுதிய கதை ஒன்று கையில் கிடைத்தால், இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டு படிக்கலாம். யார், யாரிடம், எந்தச் சொல்லைச் சொன்னார்கள்? அந்தச் சொல்லின் பாரத்தைக் காட்ட எழுத்தாளர் எந்தப் பொருளை எடுத்தார்? ரொட்டியா, வானமா, தாலியா? பதில் கிடைத்தால் கதை புரிந்துவிட்டது என்று பொருள்.

படித்து முடித்த பின் வீட்டில் பெண் குழந்தை எதிரே வந்து நிற்கலாம். அப்போது நாக்கில் வரும் சொல்லை ஒரு கணம் நிறுத்திப் பார்ப்பது நல்லது. அவள் இன்னும் பச்சை மண்!