பூவிலேயே விலை பேசலாமா?

காலை நேரத்தில் ஓசூர் ரயில் நிலையத்தைப் பாருங்கள். பெங்களூருக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்களில் பலர் சீசன் டிக்கெட் வைத்திருப்பார்கள். ஒரு மாதப் பயணத்துக்கான பணத்தை அவர்கள் முன்கூட்டியே கட்டிவிடுகிறார்கள். ஏன் தயக்கமில்லாமல் கட்டுகிறார்கள்? வண்டி எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியும். எத்தனை மணிக்குப் புறப்படும் என்றும் தெரியும். நாள்தோறும் தனித்தனியே டிக்கெட் வாங்குவதைவிட இது மிகவும் மலிவு என்பதும் தெரியும்.

இதே பெயரில் இன்னொரு சரக்கும் இன்று விற்பனைக்கு வருகிறது. அதுதான் வீடியோ கேம்களின் ‘சீசன் பாஸ்’. ஒரு விளையாட்டை வெளியிடும்போதே, “இனி வரப்போகும் கூடுதல் கதைகள், புதிய களங்கள், புதிய பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இப்போதே பணம் கட்டுங்கள்” என்று நிறுவனம் கேட்கிறது. 2011-ல் ‘எல்.ஏ. நோயர்’ என்ற விளையாட்டுக்கு வந்த ‘ராக்ஸ்டார் பாஸ்’ இந்த வகையின் முன்னோடிகளுள் ஒன்று. ஆனால் பல பாஸ்களில், உள்ளே என்ன இருக்கும் என்று சொல்வதற்கு முன்பே விற்பனை தொடங்கிவிடுகிறது. போகும் ஊரும் தெரியாது, புறப்படும் நேரமும் தெரியாது. ஆனால் டிக்கெட் மட்டும் கையில் இருக்கிறது!

இப்படிக் கண்ணால் காணாத பொருளை வாங்கலாமா? “கூடாது” என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் அது அறிவியல் முறை ஆகாது. காணாத பொருளை வாங்கி லாபம் பார்ப்பவர்களும் உலகில் உண்டு. அவர்கள் எப்படி வாங்குகிறார்கள் என்று முதலில் பார்ப்போம். அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவரின் கணக்கு

கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர்போனது. கிளிமூக்குப் போல நுனி வளைந்த பெங்களூரா மாங்காய் இங்கே ஏராளம். அதைக் கூழாக்கிப் பதப்படுத்தும் தொழிற்சாலைகளும் இங்கே உண்டு. இந்தத் தோப்புகள் பலவற்றைக் காய் காய்க்கும் முன்பே வியாபாரிகள் குத்தகைக்கு எடுத்துவிடுவார்கள். மரத்தில் பூ மட்டும் இருக்கும்போதே விலை பேசி முடித்துவிடுவதும் உண்டு.

இதில் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது தெரியுமா? ஒரு மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பூக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி ஆண் பூக்கள், அவை காய்ப்பதில்லை. எல்லாப் பூக்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு ஒன்றுகூட முற்றிய காயாகத் தேறாது. இடையில் தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சலாம். சாம்பல் நோய் தாக்கலாம். பூக்கும் காலத்தில் மழை பெய்தால் மகரந்தச் சேர்க்கை கெடும். காற்றடித்தால் பிஞ்சுகள் உதிரும்.

இவ்வளவும் தெரிந்த வியாபாரி ஏன் பணம் கொடுக்கிறார்? இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம் விலை. விளைந்த காய்க்குக் கொடுக்கும் விலையை அவர் பூவுக்குக் கொடுப்பதில்லை, குறைத்துத்தான் கேட்பார். விவசாயியும் அதற்கு உடன்படுகிறார். ஏனென்றால் மழையும் பூச்சியும் கொண்டுவரும் நட்டம் அவர் தலையிலிருந்து இறங்கி வியாபாரியின் தலையில் ஏறுகிறது. செலவுக்குப் பணமும் முன்னதாகவே கிடைக்கிறது. ஆக, நட்டத்துக்கான வாய்ப்பை ஏற்றுக்கொள்பவருக்கு விலைக் குறைவு கூலியாகக் கிடைக்கிறது.

இரண்டாவது காரணம் சான்று. வியாபாரி கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை. தோப்பைச் சுற்றிப் பார்க்கிறார். மரங்களின் வயதைக் கேட்கிறார். சென்ற ஆண்டு எவ்வளவு காய்த்தது, மருந்து அடித்தார்களா, பூ எவ்வளவு இருக்கிறது என்றெல்லாம் ஆராய்கிறார். பல தோப்புகளைப் பார்த்த அனுபவத்தை வைத்துச் சராசரியாக இவ்வளவு தேறும் என்று மதிப்பிடுகிறார்.

சீசன் பாஸை இதே தராசில் வைத்துப் பாருங்கள். விளையாட்டு நிறுவனத்துக்கு முன்னதாகவே பணம் கிடைக்கிறது. சரக்கு நன்றாக அமையாவிட்டால் நட்டம் உங்களுக்கு. இதற்குக் கூலியாக உங்களுக்குக் கிடைப்பது என்ன? “தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு” என்பார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வரப்போகும் நான்கு பகுதிகளையும் நீங்கள் வாங்குவதாக இருந்தால்தான் அது மலிவு. அவற்றில் ஒன்றுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அந்த ஒன்றை மட்டும் வாங்குவதே மலிவு!

மாங்காய் தீரும், கோப்பு தீராது

“பிறகு வாங்கலாம் என்று இருந்தால் கிடைக்காமல் போய்விடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். தோப்பில் அந்த அச்சம் நியாயமானது. ஒரு தோப்பை ஒருவர்தான் குத்தகைக்கு எடுக்க முடியும். வேறொரு வியாபாரி முந்திக்கொண்டால் இவருக்குக் காய் இல்லை.

ஆனால் வீடியோ கேம் ஒரு கணினிக் கோப்பு. அதை ஒரு லட்சம் பேர் வாங்கினாலும் ஒரு லட்சத்து ஒன்றாவது ஆளுக்குப் படி தீர்ந்துபோவதில்லை. இன்னொரு படி எடுக்க ஆகும் செலவும் மிகச் சொற்பம். காத்திருப்பதால் பொருள் கிடைக்காமல் போகும் வாய்ப்பு இங்கே ஏறத்தாழ இல்லை. மாறாக, நாளாக ஆக இத்தகைய பொருள்களின் விலை பெரும்பாலும் தள்ளுபடியில் இறங்குகிறது. “சீக்கிரம் வாங்குங்கள்” என்ற அவசரம் பெரும்பாலும் விளம்பரத்தில்தான் இருக்கிறது, பொருளில் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம்

பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

ஒரு பாஸின் விலை 1,000 ரூபாய். இப்படிப்பட்ட 10 பாஸ்களில் 3 மிக நன்றாக அமைகின்றன. அவை ஒவ்வொன்றும் உங்களுக்கு 2,000 ரூபாய் பெறும். 4 சுமாரானவை, ஒவ்வொன்றும் 800 ரூபாய் பெறும். மீதி 3 மோசமானவை. ஒவ்வொன்றும் 100 ரூபாய்தான் பெறும்.

பத்தையும் பார்க்காமல் வாங்கினால் மொத்தப் பெறுமானம்: 6,000 + 3,200 + 300 = 9,500 ரூபாய். சராசரியாக ஒன்றுக்கு 950 ரூபாய். கொடுத்த விலை 1,000. ஆக, ஒவ்வொரு பாஸுக்கும் சராசரி நட்டம் 50 ரூபாய்.

காத்திருந்து, உள்ளே இருப்பது தெரிந்தபின் நல்லதை மட்டும் வாங்கினால்? 3 பாஸ்கள் மட்டுமே வாங்குவீர்கள். ஒவ்வொன்றிலும் 1,000 ரூபாய் மிச்சம், மொத்தம் 3,000. மற்ற ஏழையும் தொடவே இல்லை. பத்துக்கும் பகிர்ந்தால் சராசரி லாபம் 300 ரூபாய்.

50 ரூபாய் நட்டம் எங்கே, 300 ரூபாய் லாபம் எங்கே! இடைவெளி 350 ரூபாய். பார்க்காமல் வாங்குவதைவிடக் காத்திருந்து பார்த்து வாங்குவதில் கிடைக்கும் கூடுதல் பயன்தான் இந்த 350 ரூபாய். கண்ணால் பார்த்து முடிவு செய்யும் வாய்ப்புக்கே இவ்வளவு விலை உண்டு. எனவே பார்க்காமல் வாங்கச் சொல்பவர் குறைந்தது 350 ரூபாயாவது தள்ளுபடி தர வேண்டும். அதாவது 650 ரூபாய்க்குத் தந்தால்தான் இரண்டு வழிகளும் சமம். தோப்பு வியாபாரி எழுத்தில் எழுதாமல் மனத்தில் போடும் கணக்கும் இதுதான்!

499 ரூபாயில் ஒரு பாடம்

கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே நடந்த இன்னொரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக் நிறுவனம் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை அமைத்தது. 2021 ஜூலை 15-ல் 499 ரூபாய்க்கு முன்பதிவு தொடங்கியது. வண்டியின் விலைகூட அப்போது அறிவிக்கப்படவில்லை. ஆயினும் முதல் 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பதிவுகள் வந்ததாக நிறுவனம் அறிவித்தது.

பதிவு செய்தவர்கள் ஏமாளிகளா? இல்லை. அந்த 499 ரூபாய் திருப்பித் தரக்கூடிய பணம். ஆகஸ்டு 15-ல் விலையும் விவரங்களும் வெளிவந்த பிறகு பிடித்தால் வாங்கலாம். பிடிக்காவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறலாம். பார்க்காமல் பணம் கட்டினாலும், பார்த்தபின் முடிவு செய்யும் உரிமை கையிலேயே இருந்தது.

பிறகு நடந்ததையும் கவனியுங்கள். செப்டம்பரில் விற்பனை தொடங்கியது. அக்டோபரில் வரும் என்று சொல்லப்பட்ட முதல் வண்டிகள் டிசம்பர் நடுவில்தான் வாங்கியவர் கைக்கு வந்தன. அறிவிக்கப்பட்ட வசதிகள் சிலவும் அப்போது வண்டியில் இல்லை. ஒரே வேகத்தில் தானாக ஓட்டிச் செல்லும் குரூஸ் கண்ட்ரோல், வழிகாட்டும் வரைபடம் போன்றவை 2022-ன் நடுவில்தான் ‘மூவ் ஓ.எஸ். 2’ என்ற மென்பொருள் மூலம் வந்தன. வேறு சில வசதிகள் அதற்கும் பின்னால் வந்தன. மென்பொருளால் இயங்கும் பொருள்களில் ‘பிறகு வரும்’ என்ற வாக்குறுதியையும் சேர்த்தே நாம் விலைக்கு வாங்குகிறோம். சீசன் பாஸின் குணம் ஸ்கூட்டருக்கும் வந்துவிட்டது!

திருப்பித் தரும் முன்பணம் வேறு, திரும்பாத முழுப் பணம் வேறு. இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள்.

வரைபடத்தோடு வந்த பாஸ்

2015-ல் வந்த இரண்டு விளையாட்டுகளை ஒப்பிடுவோம். ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ விளையாட்டின் சீசன் பாஸ் விலை 40 டாலர். ஆறு மாதங்களுக்குப் புதிய பகுதிகள் வரும் என்றார்கள். ஆனால் அறிவித்தபோது அவை என்னென்ன என்ற விவரம் மிகக் குறைவு. அந்த விளையாட்டின் கணினிப் பதிப்பே கோளாறுகளால் ஜூனில் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டு, அக்டோபர் இறுதியில்தான் திரும்பவும் வந்தது.

‘தி விட்சர் 3’ விளையாட்டின் பாஸும் அதே ஆண்டில், விளையாட்டு வெளிவருமுன்பே விற்பனைக்கு வந்தது. ஆனால் இரண்டு கதைகளின் பெயர்கள், ஒன்று ஏறத்தாழ 10 மணி நேரம், மற்றொன்று ஏறத்தாழ 20 மணி நேரம் என்ற அளவு, வெளிவரும் காலம் ஆகியவற்றை நிறுவனம் முன்பே சொல்லியிருந்தது. முதல் கதை 2015 அக்டோபரில் வந்தது. இரண்டாவது கதை சற்றுத் தாமதமாக 2016 மே இறுதியில் வந்து பெரும் பாராட்டைப் பெற்றது.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இதற்கு ஒப்புமை காணலாம். பெரிய தொழிற்சாலை ஒன்று சிறு பட்டறையிடம் ஓர் உதிரிபாகத்தை முன்கூட்டியே கேட்கிறது. பாகம் இன்னும் பிறக்கவே இல்லை. ஆனால் அளவுகள் குறித்த வரைபடம் கையில் இருக்கும். முதலில் மாதிரி செய்து காட்ட வேண்டும். அதை அளந்து பார்த்துச் சரி என்ற பிறகே ஆயிரக்கணக்கில் எடுப்பார்கள். முன்பதிவு குற்றமல்ல, வரைபடம் இல்லாத முன்பதிவுதான் ஆபத்து.

இதை விற்பனைத் தளங்களும் உணரத் தொடங்கியுள்ளன. 2024 நவம்பரில் ‘ஸ்டீம்’ என்ற கணினி விளையாட்டுத் தளம் ஒரு விதி வகுத்தது. பாஸ் விற்கும் நிறுவனம் அதில் என்னென்ன வரும், எப்போது வரும் என்று தெரிவிக்க வேண்டும். சொன்னது வராவிட்டால் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் நேரும்.

மனம் போடும் தப்புக் கணக்கு

பணம் கட்டியபின் இன்னொரு சிக்கல் நம் மனத்துக்குள் தொடங்குகிறது. ஆர்கஸ், புளூமர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1985-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒகையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடியிலும் டிக்கெட் கொடுத்தார்கள். யாருக்குத் தள்ளுபடி என்பது குலுக்கல் போலத் தீர்மானிக்கப்பட்டது. எல்லோருக்கும் நாடகம் ஒன்றுதான். ஆனால் சீசனின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள்!

கொடுத்த பணம் வீணாகக் கூடாது என்ற எண்ணம் அவர்களை இழுத்து வந்தது. ஆனால் போன பணம் போனதுதான். பிடிக்காத விளையாட்டை இருபது மணி நேரம் ஆடினால் அது திரும்பி வராது. உங்கள் இருபது மணி நேரமும் சேர்ந்து போகும். பாஸின் உண்மையான விலையில் இந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எனவே அடுத்த முறை ஒரு பாஸ் உங்களை அழைக்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். உள்ளே என்ன வரும், எப்போது வரும் என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா? பிடிக்காவிட்டால் பணம் திரும்புமா? பார்க்காமல் வாங்குவதற்கு உண்மையான விலைக் குறைவு உண்டா? காத்திருந்தால் நான் இழப்பது என்ன? முதல் மூன்றுக்கும் ‘இல்லை’, நான்காவதுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று விடை வந்தால் காத்திருப்பதே அறிவுடைமை. செலவாவது பெற்றோரின் பணம் என்றால் இந்த விடைகளை அவர்களிடமும் காட்டுங்கள்.

செய்து பாருங்கள்

நீங்களும் நண்பர்களும் அறிந்த, எல்லாப் பகுதிகளும் வெளிவந்துவிட்ட பத்துப் பாஸ்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றும் உங்களுக்கு எத்தனை ரூபாய் பெறும் என்று, விலையைப் பார்க்காமல், எழுதுங்கள். பிறகு விலையை எதிரே எழுதி, மேலே கண்டபடி இரண்டு சராசரிகளையும் கணக்கிடுங்கள். நாம் எடுத்துக்கொண்ட கணக்கில் காத்திருப்பதன் மதிப்பு 350 ரூபாய். உங்கள் பட்டியலில் எவ்வளவு?