மீட்டரில் 5 வோல்ட். போனில் ஏன் சார்ஜ் ஏறவில்லை?

ஸ்ரீபெரும்புதூரில் 2014இல் உற்பத்தி நின்றுபோன நோக்கியா ஆலை, 2019இல் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனத்தின் கைக்குப் போனது. போன் போனாலும் சார்ஜருக்கு மவுசு குறையவில்லை!

அந்தச் சார்ஜர் பழுதானால்? மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து அதன் வெளியீட்டு முனைகளைத் தொட்டால் 5 காட்டக்கூடும். போனில் செருகினால் ஏறாது. மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அது இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய பூஜ்யம். போன் கேட்பதோ 1 ஆம்பியர். சார்ஜருக்குள் இருக்கும் கெபாசிட்டர் சூட்டில் உலர்ந்திருந்தால் அந்தச் சுமையில் வோல்ட் சரிந்துவிடும். அடைத்த குழாயிலும் திறக்கும்வரை அழுத்தம் சரியாகத்தானே இருக்கும்?

ஆகவே சுமையோடு அளக்க வேண்டும். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பல நேரம் குற்றவாளி அதுதான். பிறகு 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இணைத்து அளந்து பாருங்கள். 1 ஆம்பியர் தரவேண்டிய சார்ஜர் 4.75க்குக் கீழே போனால், பழுது அதில்தான். டைப்-சி வாய் உள்ள சார்ஜர் வேறு ரகம்: போன் இணைந்ததை உணரும்வரை 0 காட்டும். அது பழுதல்ல.

உள்ளே திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏசி அங்கே சுமார் 325 வோல்ட் டிசியாகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கலாம்.