செல்போன் செத்தாலும் பேசும் ‘ஹாம்’ ரேடியோ!

சுனாமியில் அந்தமானின் குரலாக ஒலித்த டெல்லிப் பெண்

“அதான் ஆளுக்கு ரெண்டு செல்போன் இருக்கே... இதெல்லாம் எதுக்குங்க?”

ஹாம் ரேடியோ என்று சொன்னவுடன் யாரும் கேட்கும் முதல் கேள்வி இது.

இதற்கான பதில் 2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இரவு சென்னைக்குக் கிடைத்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணீர் பாய்ந்து வந்தது. அடையாறு கரையை உடைத்துக்கொண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்தது. கரண்ட் போச்சு. கொஞ்ச நேரத்தில் செல்போன் கோபுரங்களும் பேட்டரி தீர்ந்து ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. மொட்டை மாடியில் நின்றுகொண்டு, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, “சிக்னல் வருதா, சிக்னல் வருதா” என்று தவித்தவர்கள் எத்தனை பேர்!

மறு ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி ‘வர்தா’ புயல். மறுபடி அதே கதை.

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தில் பேய் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. உள்ளே நூற்றுக்கணக்கான பயணிகள். போன் இல்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் ஊரில் உறவினர்கள் துடித்தார்கள்.

செல்போன் என்பது தனி ஆள் இல்லை. அதற்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்குக் கரண்ட் வேண்டும், கோபுரத்தையும் எக்ஸ்சேஞ்சையும் இணைக்கும் கேபிள் வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கையில் இருப்பது வெறும் டார்ச் லைட்தான்.

ஹாம் ரேடியோவுக்கு இந்தச் சங்கிலி கிடையாது. இந்த முனையில் ஒரு செட், ஒரு பேட்டரி, ஒரு கம்பி. அந்த முனையிலும் அதே. நடுவில் ஆகாயம். அவ்வளவுதான்.

யார் இந்த ஹாம்கள்?

போலீஸ்காரர்கள் அல்ல. ராணுவத்தினரும் அல்ல. பாங்க் குமாஸ்தா, கடைக்காரர், டாக்டர், கல்லூரி மாணவர், ஓய்வு பெற்ற என்ஜினீயர், குடும்பப் பெண் என்று நம்மைப் போன்றவர்கள்தான். அரசு நடத்தும் பரீட்சையில் தேறி, லைசென்சு வாங்கி, சொந்தச் செலவில் வயர்லெஸ் செட் வைத்திருப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. இந்தியாவில் அது பெரும்பாலும் ‘வி.யு.2’ அல்லது ‘வி.யு.3’ என்று தொடங்கும்.

மறைந்த பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். அவரது குறி வி.யு.2 ஆர்.ஜி. இந்தி நடிகர் அமிதாப் பச்சன் வி.யு.2 ஏ.எம்.ஒய்.

காசு வாங்கிக்கொண்டு பேசக்கூடாது. வியாபாரம் பேசக்கூடாது. அரசியல், பாட்டு எதுவும் கூடாது. ஊர் ஊராக, நாடு நாடாக ஆட்களைப் பிடித்துப் பேசுவதுதான் பொழுதுபோக்கு. ஆனால் ஆபத்து வந்தால் அந்தப் பொழுதுபோக்கே உயிர் காக்கும் வேலையாகிவிடுகிறது. எப்படி என்று கேளுங்கள்.

பூமி ஆடியது!

2004 டிசம்பர். டெல்லியைச் சேர்ந்த குடும்பத் தலைவி பாரதி பிரசாத், ஒரு சிறு குழுவுடன் அந்தமானின் போர்ட் பிளேருக்கு வந்திருந்தார். 1987-க்குப் பிறகு அங்கிருந்து ஹாம் குரல் கேட்டதே இல்லை. அதனால் அந்தமானுடன் ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும் என்று உலகம் பூராவும் ஹாம்கள் ஏங்கிக் கிடந்தார்கள். பாரதி ‘வி.யு.4 ஆர்.பி.ஐ.’ என்ற குறியுடன் ஓட்டலில் ஏரியல் கட்டி உட்கார்ந்ததும், ராப்பகலாக அழைப்புகள் மொய்த்தன.

26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணி. சுமத்ரா அருகே கடலடியில் பூமி பிளந்தது. போர்ட் பிளேர் கிடுகிடுவென்று ஆடியது. அந்த நேரத்தில்கூட பாரதி செட் முன்னால்தான் இருந்தார். “நிலநடுக்கம்” என்று ரேடியோவில் கத்திவிட்டு வெளியே ஓடினார். உலகத்தின் காதில் அந்தக் குரல் சட்டென்று நின்றது.

அடுத்து வந்தது கடல்.

கரண்ட் இல்லை. தொலைபேசி இல்லை. கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளமே சின்னாபின்னமானது. சென்னை மெரினாவையும் நாகப்பட்டினத்தையும் அலை அடித்தது அதற்குப் பிறகுதான்.

இன்னொருவராக இருந்தால் கிடைத்த விமானத்தில் ஊருக்குக் கிளம்பியிருப்பார். பாரதியும் குழுவினரும் கிளம்பவில்லை. செட்டை மீண்டும் போட்டார்கள். வேடிக்கைப் பேச்சு அத்தோடு நின்றது. யார் உயிரோடு இருக்கிறார், எங்கே என்ன தேவை என்ற செய்திகள் மட்டும் போயின. அரசு அதிகாரிகளும் இந்தச் செட்டின் உதவியை நாடினார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ கழகமும், மற்ற ஊர் ஹாம்களும் மறுமுனையில் காது கொடுத்தார்கள். ஹாம்கள் சிலர் கார் நிக்கோபாருக்கே போய்ச் செட் கட்டினார்கள்.

அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிப் போனவர்கள். “எங்க அண்ணன் இருக்காரா, இல்லையா?” என்று அழுதுகொண்டிருந்தவர்களுக்கு, ‘இருக்கிறார்’ என்ற ஒற்றை வார்த்தையின் விலை என்ன என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

அதே நாளில் இலங்கையிலும் இப்படித்தான். தெற்கே அம்பாந்தோட்டை அழிந்து கிடந்தது. லைன் ஏதும் இல்லை. அந்நாட்டு ஹாம்கள் செட்டையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்து கொழும்பில் பிரதமர் இல்லத்தில் இருந்த கட்டுப்பாட்டு அறையுடன் பேசினார்கள்.

அதற்கு முன்பு 1999-ல் ஒரிசா பெரும் புயல், 2001-ல் குஜராத் பூகம்பம் இரண்டிலும் ஹாம்களின் செட் முழங்கியிருக்கிறது.

மணியா? ராணியா?

செட்டு வாங்கி மேசையில் வைத்துவிட்டால் இந்த வேலை வந்துவிடாது. பழக வேண்டும். ஹாம் சங்கங்கள் இதற்காகவே ஒத்திகை நடத்துகின்றன.

முதல் பாடம் பேசுவது அல்ல, வாயை மூடுவது! ஆச்சரியமாக இருக்கிறதா? ஓர் அலைவரிசையில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கினால் இருவர் பேச்சும் நாசம். அதனால் ஒத்திகையில் ஒருவர் ‘நெட் கண்ட்ரோல்’ ஆக அமர்த்தப்படுகிறார். போக்குவரத்துக் கான்ஸ்டபிள் மாதிரி. அவர் கூப்பிட்டால் ஒழிய யாரும் பேசக் கூடாது. உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் நடுவில் புகலாம்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று வயர்லெஸ் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். நாலு பேர் ஒன்றாகக் கத்தினால் திருடன் எந்தத் தெருவில் ஓடினான் என்றே புரியாது.

அடுத்தது எழுத்துக் கூட்டல். சளசளவென்று இரைச்சல். நடுவே ஒரு பெயர் வருகிறது. ‘மணி’ என்றாரா, ‘ராணி’ என்றாரா, ‘வாணி’ என்றாரா? முகாமில் பத்திரமாக இருப்பது மணி. ஆனால் எழுதிக்கொண்டது ராணி. என்ன ஆகும்? ஒரு வீட்டில் வீண் ஒப்பாரி, இன்னொரு வீட்டில் வீண் சந்தோஷம். எனவே, “மைக், ஆல்ஃபா, நவம்பர், இண்டியா - மணி” என்று ஒவ்வோர் எழுத்தையும் ஒரு சொல்லாகச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

எண்களிலும் இதே தொல்லை. இங்கிலீஷில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். 50 பேருக்கு இன்சுலின் வேண்டும் என்ற இடத்துக்கு 15 பேருக்கான மருந்து போனால்? அதனால் ‘ஒன், ஃபைவ்’ என்று தனித்தனி எண்ணாகச் சொல்லப் பழக்குகிறார்கள்.

செய்தியை மனப்பாடமாக ஒப்பிக்கவும் கூடாது. தந்தி பாரம் மாதிரி எழுதி வைத்துத்தான் படிக்க வேண்டும். செய்தி எண், அவசரமா சாதாரணமா, யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை மணிக்கு என்று எல்லாம் இருக்கும். சில இடங்களில் மொத்தம் எத்தனை வார்த்தை என்றுகூட எண்ணிப் போடுவார்கள். 14 வார்த்தை அனுப்பினேன், 13தான் வந்தது என்றால் எதையோ கோட்டைவிட்டாச்சு. திரும்பக் கேள்! தந்தி ஆபீஸ் 2013-ல் மூடப்பட்டுவிட்டது. அதன் ஒழுங்கு இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

மரத்தில் ஏறும் கம்பி

செட்டைவிட முக்கியம் ஏரியல். கையடக்கச் செட் 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் வரை பேசும். ஆனால் அது கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குத்தான் சரி. அடுக்குமாடிக் கட்டிடம் குறுக்கே வந்தால் மூச்சு வாங்கும். உயரமான இடத்தில் ‘ரிப்பீட்டர்’ கருவி வைத்தால் ஊர் முழுக்கப் பேசலாம். அந்த ரிப்பீட்டரும் புயலில் படுத்துவிட்டால்? அதையும் நினைத்து, ரிப்பீட்டர் இல்லாமலே பேசிப் பார்க்கும் ஒத்திகை உண்டு. கேட்காத இடத்துக்கு நடுவில் இருப்பவர் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

சென்னையிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ பேச வேண்டுமானால் 7 மெகா ஹெர்ட்ஸ் பக்கம் போக வேண்டும். இந்த அலை மேலே போய் வானத்தில் பட்டுத் திரும்பிக் கீழே இறங்கும். பகலில் சில நூறு கிலோ மீட்டர், இரவில் அதைவிடத் தூரம். இதற்கான ஏரியல் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஏறக்குறைய 66 அடி செம்புக் கம்பி. அதைச் சரிபாதியாக வெட்டி, நடுவில் கேபிளை இணைத்து, இரு முனையையும் இழுத்துக் கட்டினால் போதும்.

எங்கே கட்டுவது? மரத்தில்தான். எப்படி ஏற்றுவது? உண்டிவில்லில்! தூண்டில் நரம்பில் ஈயக் குண்டைக் கட்டி, கிளைக்கு மேல் அடித்து, நரம்போடு கயிற்றைக் கோத்து, கயிற்றோடு கம்பியை இழுப்பார்கள். மாங்காய் அடித்துப் பழகிய கைக்கு இங்கே நல்ல மவுசு.

இன்னொரு சூட்சுமம் பேட்டரி. 100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும். சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றோ ஒன்றரையோதான். பேச்சைக் குறைத்தால் பேட்டரி மிஞ்சும். வளவளவென்று பேசுகிறவர் நடுராத்திரியில் ஊமையாகிவிடுவார். சக்தியைக் குறைத்து வைத்துப் பேசுவதும் ஒரு பாடம்.

முன்னோடி சென்னை

இந்த விஷயத்தில் சென்னை யாருக்கும் சளைத்ததல்ல. 1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் ‘மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்’ பிறந்தது. அதே ஆண்டு ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பும் தொடங்கியது. அகில இந்திய ரேடியோ பிறப்பதற்கு முன்னால், பொழுதுபோக்காளர்கள் செய்த காரியம் இது! பணம் இல்லாமல் 1927-ல் கிளப் படுத்தது. டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சியின் கைக்குப் போனது. 1930 முதல் 1938 வரை மாநகராட்சியே ரேடியோ நடத்தியது. குப்பை அள்ளுவதோடு பாட்டும் போட்ட கார்ப்பரேஷன்!

இன்றைக்கும் சென்னையில் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி இருக்கிறது.

வாடகை வீட்டில் வம்பு

ஆனால் ஹாம்களின் பாடு லேசானதல்ல. பெரிய தொல்லை மொட்டை மாடிதான். அடுக்குமாடியில் கம்பி கட்டப் போனால், “எங்க டி.வி. கெட்டுப்போகும்”, “இடி விழும்”, “கதிர்வீச்சு வரும்” என்று ஆளுக்கு ஒன்று கிளப்புவார்கள். துணி காயப்போடும் கொடிக்கு ஆட்சேபம் இல்லை. உயிர் காக்கும் கம்பிக்கு மட்டும் அசோசியேஷன் கூட்டம் போட வேண்டும். வாடகைக்கு இருப்பவர் கதை இன்னும் மோசம்.

பரீட்சை எழுதிவிட்டு லைசென்சுக்குக் காத்திருப்பது இன்னொரு வேதனை. போலீஸ் விசாரணை உள்பட எல்லாம் முடிந்து அழைப்புக் குறி கைக்கு வருவதற்குள், ஆர்வத்தோடு வந்த பையன் வேறு ஊருக்கு வேலைக்கே போய்விடுகிறான். வெள்ளம் வந்தால் “ஹாம்கள் எங்கே?” என்று தேடும் அதிகாரிகள், வெயில் காலத்தில் இந்த பைலைப் புரட்டினால் என்ன?

மேற்கு வங்கத்தில் இந்தச் சேவையைத் திருவிழாவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். கங்காசாகர் மேளாவில் கூட்டத்தில் தொலைந்துபோன வயதானவர்களை வீடு சேர்க்க அங்குள்ள ஹாம்கள் செட்டோடு நிற்கிறார்கள். திருவண்ணாமலை தீபக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

நீங்களும் சேரலாம்

12 வயது முடிந்த யாரும் பரீட்சை எழுதலாம். பட்டம் தேவையில்லை. மத்திய அரசின் தகவல் தொடர்புத் துறையைச் சேர்ந்த டபிள்யூ.பி.சி. பிரிவு இதை நடத்துகிறது. கேள்விகள் இரண்டு வகை. ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்பது ஒன்று, சட்டதிட்டம் இன்னொன்று. ‘ரெஸ்டிரிக்டட்’ தரத்துக்கு இவை போதும். ‘ஜெனரல்’ தரத்துக்கு ‘டிட்... டா...’ என்னும் மோர்ஸ் தந்தி மொழியைக் கேட்டு எழுதவும், தட்டி அனுப்பவும் தெரிய வேண்டும். மாவரைக்கும் சத்தத்தில்கூட மோர்ஸ் கேட்கிற காது ஒரு மாதத்தில் வராது. தினமும் கால் மணி நேரம் பழகினால்தான் வரும்.

ஓர் எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறதே என்று கையடக்கச் செட்டை வாங்கி, லைசென்சு இல்லாமல் பொத்தானை அமுக்கினால் அது குற்றம். செட் பறிபோகும், கேஸும் வரும். முதலில் சங்கத்தில் போய் உட்காருங்கள். அங்கே ஒரு ஹாம் பேசும்போது பக்கத்தில் இருந்து கேட்கலாம். பேசி முடிக்கும்போது அவர் ‘செவன் த்ரீ’ என்பார். ஹாம் பாஷையில் அதற்கு ‘அன்பான வாழ்த்துக்கள்’ என்று அர்த்தம்.